காலில் விழுந்த தட்டு

நகர்தட்டுப் பாதுகாப்புக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு தட்டுகூடக் கீழே விழுந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. கழகத்தின் வாசலில் பித்தளைப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. விழுந்துவிடாமல் இருக்க அடியில் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நகர்தட்டு என்றால் ஓவனுக்குள் நகரும் கம்பித்தட்டு, தெரியும்தானே? பக்கச் சுவர்களில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இழுத்தால் வெளியே வரும், தள்ளினால் உள்ளே போகும். அதற்கு மேல் அதன் வாழ்க்கையில் ஒன்றும் கிடையாது. அந்த வாழ்க்கையைப் பாதுகாப்பாக வடிவமைப்பதற்கென்றே லிஃப்ட் வைத்த நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது என்பது என் மனைவியின் கை வேகும்வரை எனக்குத் தெரியாது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் நான் உட்காரும் இருக்கையின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. அடுத்தவர் செய்யும் தவறுக்கு நான் மிதிக்க வேண்டும், அதுதான் பிழைப்பு. மனைவி காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். அவள் பாடம் நடத்துவது, திட்டுவது, கதை சொல்வது, கிண்டல் செய்வது எல்லாம் கையால்தான். வீட்டிலும் வாயில் பேசிக்கொண்டே கையையும் ஆட்டுவாள். நான் ஒரு திட்டை இரண்டு தடவை வாங்கிக்கொள்வேன்.

அந்தப் பள்ளியில் வாரம் ஒருநாள் சமையல் வகுப்பு. அன்றைக்கு ரொட்டி சுட்டிருக்கிறார்கள். வாசனைக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஓவனைச் சுற்றி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மனைவி இடது கையில் உறை போட்டுத் தட்டை இழுத்திருக்கிறாள். பாதிக்கு மேல் வந்ததும் தட்டு பள்ளத்தை விட்டுவிட்டது. பின்பக்கம் தடுக்க ஒரு கொக்கிகூட இல்லை. முன்பக்கம் தலைகுப்புறச் சாய, எதிரே பிள்ளைகளின் முகங்கள். வலது கையையும் கொடுத்துப் பிடித்துவிட்டாள். அந்தக் கையில் உறை இல்லை. ஏனென்றால் அந்தக் கையால்தான் பிள்ளைகளிடம் "தள்ளி நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டுப் போட்ட கையோடு அவள் மறுபடி வகுப்புக்குப் போனபோது பிள்ளைகள் தலைமை ஆசிரியையிடம் புகார் சொன்னார்கள். டீச்சர் முணுமுணுக்கிறாங்களாம், ஒண்ணும் புரியலையாம். கேட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தும் நான் கதவைத் தட்டவில்லை.

மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "அதே தோல்ல இன்னொரு தடவை சூடு பட்டா விரல் மடங்கினது மடங்கினதுதான். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஓவனைத் தூக்கி எறிந்தால் தீர்ந்தது என்று நினைத்துப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை கழகத்தின் முத்திரையைக் காட்டினார். ஓவன் கதவில் நீல நிறத்தில் ஒட்டியிருந்தது.

"முத்திரை இருக்கிற சாமானை நாங்க தூக்கிப் போட முடியாது சார். ஒரு கொக்கி வெச்சுக்கறதும் முடியாது, முத்திரை போட்டதைத் திருத்துறது குத்தம். அடுத்த டெர்ம்ல இருந்து வகுப்பு மறுபடி தொடங்கணும்."

"பிள்ளைங்க கை வெந்துச்சுன்னா? அதுங்களுக்கு அதுதானே வாய்?"

"கழகத்துல கேளுங்க. தட்டு ஒரு தடவை விழுந்தாகூட முத்திரையைப் பிடுங்கிடுவாங்களாம். அவங்க விதியிலேயே இருக்கு."

ஒரு தடவை விழுந்தால் போதும். எங்கள் தட்டுதான் விழுந்திருக்கிறதே! இவ்வளவு சுலபமா என்று மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த வயதிலும் எனக்கு அவ்வளவு வெகுளித்தனம் மிச்சமிருந்தது.

கழகத்தின் வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். தரையில் கீறல் விழக்கூடாதாம். தலைவர் முதல் துடைப்பவர் வரை எல்லாரும் காலுறையோடுதான் நடமாடினார்கள். செயலாளர் எங்களை அழைத்துக்கொண்டு போனார். மெலிந்த ஆள், யார் எது பேசினாலும் எழுதிக்கொள்பவர். நான் இருமியதையும் எழுதிக்கொண்டார்.

போகிற வழியில் வடிவமைப்புக் கூடம். இதுவரை அவர்கள் கண்டுபிடித்த பாதுகாப்பான தட்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு தட்டு சுவரோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. நகரவே நகராது. நகர்கிற தட்டுகளிலேயே பாதுகாப்பானது இதுதான் என்றார் செயலாளர். இன்னொன்றில் மணி கட்டியிருந்தார்கள். தட்டு சாய்ந்து முடித்ததும் மணி அடிக்கும், சாய்ந்துவிட்டது என்று வீட்டாருக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது மிகச் சிறியது. எதையும் அதன் மேல் வைக்க முடியாது, ஆகவே வைத்தது விழுவதற்கு வழியில்லை.

சோதனைக்கூடத்தில் வரிசையாக ஓவன்கள் இருந்தன. ஒன்றுகூடச் சூடாக இல்லை.

"இங்க ஓவனை மூட்ட அனுமதி இல்லைங்க. தீ விபத்து ஆயிடும்" என்றார் செயலாளர். "எல்லாச் சோதனையும் ஆறின ஓவன்லதான்."

"ஆறின ஓவன்ல யாருக்குக் கை சுடும்?"

"அதான் சொல்றேன். ஒருத்தருக்கும் சுட்டதில்லை."

ஒவ்வொரு ஓவனுக்கு முன்னாலும் தடிமனான மெத்தை விரித்திருந்தது. நாங்கள் நின்றிருக்கும்போதே ஒரு தட்டு சரிந்து மெத்தையில் தொம்மென்று உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தவர் அதை எடுத்து மறுபடி ஓவனுக்குள் செருகினார்.

"விழுந்துச்சே!" என்றாள் மனைவி.

"எங்கேங்க? மெத்தை தரை ஆகுமா?" என்றார் செயலாளர். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது, படித்த பெண் இப்படிக் கேட்கிறாளே என்று.

தலைவரின் அறை பெரியது. தலைவரும் அப்படியே. நல்ல கம்பளிக் காலுறை போட்டிருந்தார். மனைவியின் கட்டைப் பார்த்து "த்சொ த்சொ" என்றார். பிறகு விசாரணை தொடங்கியது.

"தட்டு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சார்" என்றேன்.

"எங்க விழுந்துச்சு?"

"இவ கையில."

"கையிலயா, கீழேயா?"

"கீழே விழறதுக்குள்ள பிடிச்சுட்டா சார்."

"அப்ப விழல" என்றார் தலைவர்.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு விதியை ஒப்பித்தார். "விழுதல் என்பது தட்டின் ஏதேனும் ஒரு பகுதி தரையைத் தொடுதல். தொடாதது விழாதது."

"கை வெந்து போச்சு சார்" என்றேன்.

"அது கையோட விஷயம். நாங்க தட்டுக்கழகம்." தலைவர் என்னிடம் கனிவாகக் குனிந்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க? கார் ஓட்டக் கத்துத் தர்றவரா? ரொம்ப நல்லதாப் போச்சு. உங்க ஆளு சுவத்துல மோதப் போறான். நீங்க பிரேக் போடறீங்க. வண்டி நின்னுடுது. அதைப் போய் விபத்துன்னு சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன். ஆனா அந்த பிரேக் காரோட சேர்ந்தது சார். இவ கை ஓவனோட சேர்ந்தது இல்லையே."

மடக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு துள்ளல். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலைவரைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் இல்ல" என்றார் தலைவர். "எழுதிக்குங்க."

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்பார்களே, அதை நான் அன்றைக்குப் பொன்னாடை போர்த்தி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சில நாளில் கழகத்திலிருந்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். மனைவியின் கையை மாவில் பதித்து அச்சு எடுத்தார்கள். கட்டைப் பிரிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் கட்டோடுதான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த வடிவமைப்புப் படங்களில் எல்லாம் ஓவனுக்கு முன்னால் ஒரு கை நீண்டிருந்தது. தட்டு, பள்ளம், கதவு, கை. நான்கும் உறுப்புகள். கைக்கு எதிரே "வாங்குபவர் தம் செலவில் பொருத்திக்கொள்ள வேண்டியது" என்று போட்டிருந்தது. கட்டும் படத்தில் இருந்தது. ஒரு கடைக்காரர் புது ஓவனோடு கட்டுத்துணி ஒரு சுருளும் இலவசமாகக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு செயலாளரே நேரில் வந்தார். மனைவிக்குக் கழகத்தின் ஆண்டு விழாவில் 'சிறந்த தாங்கி' என்று விருது கொடுக்கப்போகிறார்களாம். விழாவில் ஒரு செய்முறையும் உண்டு.

"டீச்சர் தட்டை இழுக்கணும். தட்டு சாயும். டீச்சர் பிடிச்சுக் காட்டணும். அவ்வளவுதாங்க."

"ஆறின ஓவன்லயா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க? அன்னைக்குச் சூட்டுலதானே பிடிச்சாங்க. கழக வரலாற்றுலயே முதல் தடவையா ஓவனை மூட்டப் போறோம். விசேஷ அனுமதி வாங்கியிருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் படியில் உருட்டிவிட்டிருப்பேன். மனைவி கண்ணால் தடுத்தாள்.

"மெத்தை போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"போட மாட்டோம். மெத்தை போட்டா உங்க கையை நம்பாத மாதிரி ஆயிடும்னு தலைவர் சொல்லிட்டார்."

"எல்லாரும் பார்க்கத் தட்டு தரையைத் தொட்டுடுச்சுன்னா?"

"உங்க பள்ளி ஓவன்லயும் சேர்த்து முத்திரையைப் பிடுங்கத்தான் வேணும், விதி விதிதான். ஆனா நீங்க பிடிச்சுடுவீங்களே!" என்று அவர் சிரித்தார்.

"வர்றேன்" என்றாள் மனைவி.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். "பைத்தியமா உனக்கு? டாக்டர் என்ன சொன்னார்?"

"நான் பிடிக்கப் போறதில்லைங்க. இழுத்துட்டுக் கையைப் பின்னால கட்டிக்கப் போறேன். அது பாட்டுக்கு விழட்டும். அவங்க தரையில, அவங்க கண்ணு முன்னாடி."

கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு தட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கட்டுப் போட்ட கை பாய்ந்து போய்ப் பிடித்தது. கரண்டியைப் போட்டேன், பிடித்தாள். தலையணையைப் போட்டேன், அதையும் பிடித்தாள். பிடித்துவிட்டு என்னைப் பார்த்து விழித்தாள்.

தினமும் மாலையில் பயிற்சி. நான் போடுவேன், அவள் பிடிக்காமல் இருக்க வேண்டும். பிடிக்கக் கற்றுக்கொள்வது ஒரு குழந்தைக்குச் சில மாத வேலை. பிடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதற்குள் எங்கள் வீட்டில் பீங்கான் என்று ஒன்று மிஞ்சவில்லை. மேல்வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டி, "எதுவா இருந்தாலும் உக்காந்து பேசித் தீத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'விடு' என்பதற்குக் கைமொழியில் ஒரு சைகை உண்டு. முஷ்டியை மூடிச் சட்டென்று விரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை பொருள் விழும்போதும் அவள் அதைத் தனக்குத்தானே செய்துகொள்வாள். கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் பாதிதான் விரிந்தன. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் வளைந்தே நின்றன. அவள் மொழியில் அது 'வி' என்று சொல்லி நிறுத்தியது போல இருக்கும் போலும்.

"என்னை மட்டும் சொல்லாதீங்க. உங்க காலைப் பாருங்க" என்றாள் ஒருநாள்.

பார்த்தேன். அவள் முன்னால் ஏதாவது விழும்போதெல்லாம் என் வலது கால் தரையை அழுத்தி பிரேக் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் சேர்த்துப் பயிற்சி நடந்தது. கடைசியில் இருவருமே தேறிவிட்டோம். எது உடைந்தாலும் அசையாமல் நின்றோம். தேறிய அன்று அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "நாளைக்கு ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தா நான் பிடிப்பேனா?" என்று மட்டும் கேட்டாள். பிடிப்பாய் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

விழா நாளன்று சோதனைக்கூடம் நிரம்பி வழிந்தது. எல்லாரும் காலுறையில். நடுவில் தரையோடு ஒட்டிய ஓவன் ஒன்று. கதவு கீழ்நோக்கித் திறந்து முழங்காலுக்கும் கீழே நின்றது. அதை மூட்டினார்கள். விளக்கு எரிந்ததும், "சிவப்பா எரியுதே, கெட்டுப் போச்சா?" என்று ஒரு மூத்த வடிவமைப்பாளர் பதறினார். அவர் அதுவரை சூடான ஓவனைப் பார்த்ததில்லை. தட்டின் மேல் ரொட்டி வைக்கவில்லை. கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது. அதற்காகவே இரும்பில் வார்த்த ரொட்டி ஒன்று கழகத்தில் உண்டு. அதை வைத்தார்கள்.

ஓவன் காய்கிற நேரத்தில் தலைவர் பேசினார்.

"தட்டுக்குப் பின்னாடி ஒரு சின்னக் கொக்கி வெச்சா விழாதுன்னு சில பேர் சொல்றாங்க. உண்மைதான், விழாது. எங்க வடிவமைப்பாளருங்க அதை எப்பவோ கண்டுபிடிச்சு அலமாரியில வெச்சுட்டாங்க. ஆனா அந்தக் கொக்கியைப் பார்க்கிற ஒரு தாய் என்ன நினைப்பா? 'ஐயோ, இது விழற தட்டு போல, அதான் கொக்கி வெச்சிருக்காங்க'ன்னு பயப்படுவா. ஒரு தாயை பயமுறுத்த இந்தக் கழகத்துக்கு மனசு வராது!"

கைதட்டல்.

"இன்னொண்ணும் யோசிக்கணும். கொக்கியை வெச்சுட்டா நாளையிலிருந்து இந்த நாலு மாடியில உக்காந்து நாம என்ன பண்றது?"

இதற்கு இன்னும் பலத்த கைதட்டல். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

"பொருளை நம்பாதீங்க, மனுஷனை நம்புங்க. இதோ இந்த டீச்சர் கை இருக்கே, இந்த மாதிரி ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு கை சும்மா கிடக்கு. அதை வடிவமைப்புக்குள்ள கொண்டு வந்தது நம்ம சாதனை. அந்தக் கை வெந்ததுன்னு சொல்றாங்க. வேகட்டும். கையை ஆத்திக்கலாம். போன முத்திரையை ஒட்ட முடியுமா?"

மனைவி ஓவன் முன்னால் மண்டியிட்டாள். இடது கையில் உறை. தலைவர், "படத்துல நானும் இருக்கணும்ல" என்று பக்கத்தில் வந்து, வலது காலை ஓரடி முன்னால் வைத்துப் புன்னகைத்தார்.

இழுத்தாள். தட்டு பாதியைத் தாண்டியது. அவளுடைய வலது கை மடிமேல் மூடித் திறந்ததைப் பார்த்தேன். மறுகணம் இரண்டு கையும் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

தட்டு முன்பக்கம் சாய்ந்து சரிந்தது. சரிந்தது, ஆனால் தரைக்குப் போகவில்லை. பின்விளிம்பு ஓவன் கதவில் மாட்டிக்கொண்டது. முன்விளிம்பு தலைவரின் வலது பாதத்தின் மேல் உட்கார்ந்தது. இரும்பு ரொட்டி மெதுவாக வழுக்கி வந்து அவர் கணுக்காலில் சாய்ந்துகொண்டது.

"ஐயோ! விழுந்துடுச்சு! கால்ல விழுந்துடுச்சுயா!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்? தலைவரின் வாயாலேயே 'விழுந்துடுச்சு' என்று வந்துவிட்டதே! ஆனால் செயலாளர் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, தட்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடல சார்! தரையைத் தொடல! விரல் நுழையற அளவுக்கு இடம் இருக்கு! காலை மட்டும் அசைச்சுடாதீங்க!"

கூடமே அலறியது. "அசையாதீங்க சார்! அசையாதீங்க!"

கம்பளிக் காலுறை கருகும் நாற்றம் வந்தது. நான் ஓடிப்போய்த் தட்டை உதைத்துத் தள்ளப் பார்த்தேன். செயலாளர் படுத்தபடியே என் காலைப் பிடித்துக்கொண்டார். "வெளியாள் தள்ளினா அது தள்ளல்! விழுதல்ல சேராது!" யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். தட்டு நனைந்தால் சோதனை செல்லாது என்று இன்னொருவர் வாளியைப் பிடுங்கினார்.

மனைவி எழுந்து நின்றாள். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான். நிதானமாகச் சொன்னாள்.

"காலை எடுங்க சார். யாரும் உங்களைக் கட்டி வைக்கல. காலை எடுத்தா அது தரையில விழுந்துடும். அவ்வளவுதான்."

தலைவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் ஊழியர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் கண்ணில் நீர் வழியக் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். அவர் நெற்றி நரம்பு புடைத்தது. காலை எடுத்துவிடுவார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். எந்த மனிதனும் எடுத்துவிடுவான்.

அவர் எடுக்கவில்லை. தட்டு ஆறும்வரை நின்றார். ஆறிய பிறகு ஊழியர்கள் துணி போட்டுப் பக்குவமாகத் தூக்கினார்கள். பிறகுதான் அவர் மயங்கினார். அவர் தரையில் விழுந்தார். அவர் தட்டு இல்லையாதலால் அது கணக்கில் வரவில்லை.

அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பைச் செயலாளர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். "தலைவர் 'காலில் விழுந்தது' என்று தம் திருவாயால் கூறினார். காலில் விழுவது பணிவின் அடையாளம். அது விபத்து ஆகாது. சூடான நிலையிலும் தலைமையிடம் இவ்வளவு பணிவு காட்டிய தட்டைக் கழகம் மனமாரப் பாராட்டுகிறது."

பள்ளி ஓவனுக்கு இன்னொரு முத்திரை கிடைத்தது. நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை. புதிய வடிவமைப்புப் படத்தில் கைக்குக் கீழே ஒரு காலையும் வரைந்திருக்கிறார்கள். மனைவிக்கு விருது கொடுக்கவில்லை. கை கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்கவில்லையாம்.

வகுப்பு மறுபடி தொடங்குவதற்கு முன்னால் மனைவி ஓவனின் ஃபியூஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் மாவு பிசைந்து, உருட்டி, ஆறின ஓவனுக்குள் வைத்து, பச்சையாகவே வெளியே எடுக்கிறார்கள். ரொட்டி எப்போது வேகும் என்று கைகளால் கேட்கிறார்கள். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள். பார்வையிட வந்த செயலாளர் இதைவிடப் பாதுகாப்பான ஓவனைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

தலைவர் எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு வந்தது அதற்கப்புறம். தடியூன்றி வந்தார். வலது காலில் உணர்ச்சி சரியாக இல்லை. மறுபடி ஓட்டிக் காட்டினால்தான் உரிமம் தருவார்களாம். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க தம்பி" என்று ஏறி உட்கார்ந்தார்.

"லீவு குடுத்தாங்களா சார்?"

"எங்க? விபத்து நடந்தாத்தான் லீவு. அதான் நடக்கலையே." இதைச் சொல்லும்போதுகூட அவர் குரலில் பெருமை இருந்தது.

பள்ளி முடிந்த மனைவியை வழியில் ஏற்றிக்கொண்டேன். பின்னிருக்கையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தலைவருக்கு வணக்கம்கூடச் சொன்னாள். தலைவர் ஓட்ட, பயிற்சி மைதானத்தின் சரிவில் வண்டியை விட்டோம். கீழே முட்டினால் தாங்கட்டும் என்று பழைய டயர்களை அடுக்கி வைத்த சுவர். தலைவரின் கால் பிரேக்கைத் தேடியது. எதை மிதிக்கிறோம் என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை. வண்டி வேகமெடுத்தது.

"தம்பி, உங்க பக்கம் ஒண்ணு இருக்குல்ல, போடுங்க!"

என் கால் அதன் மேல்தான் இருந்தது.

"போடறேன் சார். ஒரே ஒரு கேள்வி. அன்னைக்குத் தட்டு விழுந்துச்சா, இல்லையா?"

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வியர்வை மூக்கில் இறங்கியது. ஒரு வார்த்தைதான். அதைக் கையில் வாங்கிக்கொண்டு போய் முத்திரையைக் கிழித்திருப்பேன். பிள்ளைகள் சூடாக ரொட்டி தின்றிருப்பார்கள்.

"தரையைத் தொடல" என்றார் தலைவர்.

கண்ணாடியில் மனைவியைப் பார்த்தேன். அவள் வலது கையைத் தூக்கி முஷ்டியை மூடினாள். பிறகு விரித்தாள். சுண்டுவிரல்வரை ஐந்தும் முழுசாக விரிந்தன. அந்தக் கை அப்படி விரிந்து நான் பார்த்து எத்தனை காலமாயிற்று! அவளே அதை ஆச்சரியமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் காலை எடுத்து இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டேன்.

"சுவர்! சுவர் வருது!" என்று கத்தினார் தலைவர்.

"இன்னும் தொடல சார்" என்றேன்.